கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சப்புறமும் பசங்க மனசுல நிக்கணும்னா

டிசம்பர் பொறந்தாலே பெரியவங்க நமக்குள்ள ஓடற கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான். பசங்களுக்கு என்ன வாங்கறது, என்ன டிரெஸ் எடுக்கறது, எங்க கூட்டிட்டுப் போறது, வீட்டுக்கு யார் யார் வர்றாங்க. எல்லாம் வேணும்தான், நானும் அதுல கொஞ்சம் ஓடத்தான் செய்றேன். ஆனா சின்னப் பசங்கள, அதாவது ரெண்டு வயசுல இருந்து ஏழெட்டு வயசு வரைக்கும் இருக்கறவங்கள வச்சுக்கிட்டு இத்தன வருஷமா பாத்ததுல எனக்கு ஒன்னு நல்லாவே புரிஞ்சிடுச்சு. அந்த ஒரு நாள நாம எவ்வளவு பெருசா பண்றோம்ங்கறத அவங்க கணக்குல வச்சுக்கறதே இல்ல. அதுக்கு முன்னாடி எப்படிக் காத்திருந்தாங்க, அவங்க கையால என்ன செஞ்சாங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் நாம அவங்களோட உக்காந்து அதப் பத்தி எவ்வளவு பேசினோம், இதுதான் நிக்குது. அதுலயும் அந்தக் கடைசி விஷயம், முடிஞ்சப்புறம் பேசறது, அதத்தான் யாருமே கண்டுக்கறதில்ல.

எங்க பெரியவளுக்கு இப்ப ஆறு வயசு. வருஷத்து நடுவுல ஒரு நாள் சும்மா அவகிட்ட "போன கிறிஸ்துமஸ்ல உனக்கு என்னடி ஞாபகம் இருக்கு"ன்னு கேட்டேன். சைக்கிள் சொல்லுவான்னு நெனச்சேன், ஏன்னா அந்த வருஷம் பெரிய பரிசு அதுதான். அவ சொன்னது, "நாம எல்லாரும் மரத்துக்கு அடியில தலைய விட்டுப் படுத்துக்கிட்டு மேல லைட்டப் பாத்தோமே, தம்பி காலு என் மூஞ்சியில பட்டுச்சே, அப்பா தும்மினாரே." அவ்வளவுதான். அது ஒரு பத்து நிமிஷம் நடந்திருக்கும், யாரும் பிளான் பண்ணல, காசு செலவில்ல. கீழ படுத்துக்கிட்டு கெளைக்குள்ள இருந்து மேல பாத்தா லைட்டெல்லாம் அடுக்கடுக்கா தெரியும், கண்ணாடிப் பந்துல நம்ம மூஞ்சி வளைஞ்சு தெரியும், குழந்தை கண்ணுக்கு அது ஒரு தனி ஊரு. உங்க வீட்ல மரம் இருந்தா இந்த வருஷம் செஞ்சு பாருங்க, ரூம் லைட்ட அணைச்சிட்டு.

இந்த ஞாபகம்ங்கற விஷயத்தக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இது தெரிஞ்சா லீவுல எதுக்கு மெனக்கெடணும், எதுக்கு வேண்டாம்ங்கறது நமக்கே தெளிவாயிடும். பெரியவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு முதல் ஞாபகம் மூணு, மூணரை வயசுல இருந்துதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி நடந்தது மனசுல கதையா நிக்காது. அப்போ ரெண்டு வயசுக் குழந்தைக்கு எதுக்கு இதெல்லாம்னு கேக்காதீங்க. குழந்தையோட ஞாபகம் தானா வளர்றது இல்ல, வீட்ல பேசற பேச்சுலதான் வளருது. ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள், ஒருத்தர் அமெரிக்காவுல எமரி யுனிவர்சிட்டி, இன்னொருத்தர் நியூசிலாந்துல ஒடாகோ யுனிவர்சிட்டி, இவங்க வருஷக்கணக்கா இதத்தான் பாத்துட்டு வர்றாங்க. நடந்து முடிஞ்சத குழந்தையோட விரிவா, கேள்வி கேட்டு, அது சொல்றதோட நம்மளதும் சேத்துப் பேசற வீட்ல வளர்ற பசங்களுக்கு ஞாபகம் விவரமா நிக்குது. பின்னாடி டீன் ஏஜ்ல கேக்கறப்ப இன்னும் சின்ன வயசு சம்பவம் வரைக்கும் சொல்றாங்க. நியூசிலாந்து மாவோரி மக்கள் பழைய கதை, குடும்பக் கதை பேசறதுல ரொம்ப ஊறினவங்க, அவங்களோட முதல் ஞாபகம் சராசரியா மூணு வயசு ஆகறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குதுன்னு ஒடாகோவுல பண்ண ஆராய்ச்சியில வந்திருக்கு. எனக்கு இதப் படிச்சப்ப ரொம்பவே சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா பேச்சுக்குக் காசே வேண்டாமே.

எப்படிப் பேசறதுங்கறதுலதான் விஷயம் இருக்கு. "நேத்து ஜாலியா இருந்துச்சா?"ன்னு கேட்டா "ம்"னு ஒரு பதில்தான் வரும். "நேத்து நட்சத்திரம் மாட்டுறப்ப யாரு ஏணியப் புடிச்சா? நீ எங்க நின்ன? அப்பறம் என்ன கீழ விழுந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க, கொட்டும். தப்பா சொன்னாலும் பரவால்ல, "ஓ அப்படியா, எனக்கு அத்தை புடிச்ச மாதிரி ஞாபகம், உனக்கு?"ன்னு இழுங்க. பரீட்சை மாதிரி ஆகிடக் கூடாது, அது மட்டும் பாத்துக்கோங்க. சரியான பதில் வர்ற வரைக்கும் அதே கேள்விய திரும்பத் திரும்பக் கேட்டா குழந்தை வாய மூடிக்கும். தெரியலன்னா நாமளே ஒரு துண்டு சொல்லி மேல நகரணும். எங்க வீட்ல லைட் அணைச்சப்புறம் படுக்கையிலதான் இது நடக்கும், அப்பதான் பசங்க வாய் நல்லா தொறக்குது.

சரி, காத்திருக்கறதுக்கு வருவோம். இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி.

சின்னப் பசங்களுக்கு நாள் கணக்கு புரியாது. "இன்னும் பதினெட்டு நாள் இருக்கு"ன்னா அவங்களுக்கு அது நாளைக்கும் இல்ல அடுத்த வருஷமும் இல்ல, ஏதோ ஒன்னு. அதனாலதான் தினமும் "இன்னிக்கா? இன்னிக்கா?"ன்னு நச்சரிக்கறாங்க. இது இன்னிக்கு நேத்து பிரச்சன இல்ல. 1839ல ஜெர்மனி ஹாம்பர்க்ல யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன்னு ஒரு போதகர், ஆதரவில்லாத ஏழைப் பசங்களுக்கு ஒரு இல்லம் நடத்திட்டு இருந்தாரு. அந்தப் பசங்களும் இப்படியே கிறிஸ்துமஸ் எப்ப எப்பன்னு கேட்டுட்டே இருந்திருக்காங்க. அவரு என்ன பண்ணாருன்னா ஒரு பழைய வண்டிச் சக்கரத்த எடுத்து அதுல மெழுகுவர்த்திய வரிசையா நட்டாரு, சாதாரண நாளுக்கு சின்னது, ஞாயித்துக்கிழமைக்குப் பெருசா வெள்ளையா ஒன்னு. தினமும் ஒன்னு கூடுதலா ஏத்தறது. பசங்க கண்ணுக்கு முன்னாடி வெளிச்சம் நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகும், எல்லாம் எரிஞ்சா பண்டிகை வந்தாச்சு. இப்ப சர்ச்லயும் வீட்டுலயும் வைக்கற நாலு மெழுகுவர்த்தி வளையம் அதுல இருந்து வந்ததுதான். குழந்தையோட கேள்விக்கு ஒரு பெரிய மனுஷன் "சும்மா இரு"ன்னு சொல்லாம கண்ணால பாக்கற மாதிரி பதில் செஞ்சு காட்டியிருக்காரு, எனக்கு அவர் மேல தனி மரியாதை.

வீட்ல சின்னதுங்க இருக்கறப்ப நெருப்பெல்லாம் கஷ்டம், பேட்டரி மெழுகுவர்த்தி வச்சுக்கலாம், இல்லன்னா பேப்பர் சங்கிலி. கலர் பேப்பர நீளநீளமா வெட்டி வளையமா ஒட்டி ஒன்னோட ஒன்னு கோத்து டிசம்பர் 1ல இருந்து 24 வரைக்கும் இருபத்தி நாலு வளையம். தினமும் சாயங்காலம் ஒன்னக் கத்தரிக்கணும், கத்தரிக்கோல் அவங்க கையில, நம்ம கை அவங்க கை மேல. சங்கிலி குட்டையாக குட்டையாக அவங்களுக்கே தெரியும், கேக்கவே மாட்டாங்க, வர்றவங்களுக்கு எல்லாம் "பாருங்க இவ்வளவுதான் இருக்கு"ன்னு காட்டுவாங்க. திருவருகைக்காலம், அதாவது கிறிஸ்துமசுக்காகக் காத்திருக்கற காலம், சர்ச் கணக்குப்படி கிறிஸ்துமசுக்கு முன்னாடி வர்ற நாலாவது ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கும், அது வருஷத்துக்கு வருஷம் நவம்பர் 27ல இருந்து டிசம்பர் 3க்குள்ள எப்ப வேணா வரும், அதனால சின்னப் பசங்களுக்கு டிசம்பர் 1 வச்சுக்கறதுதான் சுலபம்.

அந்த வளையத்துக்கு உள்பக்கம் ஒவ்வொன்னுலயும் ஒரு வரி எழுதி வச்சிடுவேன். சாக்லேட்டு பொம்மைன்னு ஒன்னும் இல்ல, அன்னிக்கு என்ன செய்யப் போறோம்ங்கறது மட்டும்தான். "இன்னிக்கு டார்ச் வெளிச்சத்துல சாப்பாடு." "இன்னிக்கு பாட்டிக்கு போன் போட்டு ஒரு பாட்டு பாடணும்." "இன்னிக்கு எல்லாரும் ஒரே பெட்ல கதை." "உன் பொம்மையில ஒன்னு எடுத்து நல்லா தொடச்சு வேற பாப்பாவுக்குக் குடுக்க எடுத்து வை." எழுதறப்பவே காலண்டரப் பக்கத்துல வச்சுக்கணும், அன்னிக்கு நமக்கு வேலை எப்படி, லேட்டா வருவோமா, ஸ்கூல்ல ஏதாவது புரோகிராமா, பாத்துட்டு லேசான வேலை போடணும். களைச்சுப் போய் வர்ற நாள்ல "இன்னிக்கு குடில் கட்டலாம்"னு வளையத்துல வந்தா நமக்கும் கோவம் வரும், அதுங்களுக்கும் ஏமாத்தம். கஷ்டமான நாளுக்குன்னு "இன்னிக்கு அம்மா மடியில உக்காந்து ஒரு பாட்டு" அவ்வளவே போதும்.

அடுத்தது கை. அவங்க கையால செய்யறது.

குடிலப் பத்திச் சொல்றேன், அதாவது இயேசு பொறந்த தொழுவத்த பொம்மை வச்சு அமைக்கறது. 1223ல இத்தாலியில கிரெச்சோங்கற ஊர்ல அசிசி பிரான்சிஸ்ங்கற துறவி முதல்முதலா ஒரு குடில் மாதிரி அமைச்சாரு. பொம்மை இல்ல, நிஜ வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை. குழந்தை இயேசு தீவனத் தொட்டியில வைக்கோல் மேல எப்படிக் கெடந்திருக்கும்னு கண்ணால பாக்கணும்னு ஆசப்பட்டுதான் செஞ்சாரு. அதாவது ஆரம்பத்துல இருந்தே இது பாத்து, தொட்டு, மோந்து உணர்ற விஷயம். நாம என்ன பண்றோம், அழகான செட்ட வாங்கி ஒசரத்துல வச்சிட்டு "தொடாத, ஒடஞ்சிடும்"னு சொல்றோம். கண்ணாடி, பீங்கான் செட் இருந்தா அது மேல இருக்கட்டும், கீழ தரையில குழந்தைக்குன்னு ஒன்னு வைங்க. மரமோ துணியோ கெட்டியான பிளாஸ்டிக்கோ, இல்லன்னா காலி அட்டைப்பெட்டியும் அவங்க வச்சிருக்கற மிருக பொம்மையும் போதும். எங்க சின்னவன் மூணு வயசுக்காரன். அவன் வைக்கற குடில்ல எல்லா ஆடும் பாப்பாவ ஒட்டி மூஞ்சி வச்சிக்கிட்டு நிக்கும், பாப்பாவோட அம்மா மரியாளுக்கும் அப்பா சூசைக்கும் எடமே இருக்காது, அவங்க ரெண்டு பேரும் வெளிய நிப்பாங்க. ஏன்டான்னு கேட்டா "பாப்பாக்கு குளிருதுல்ல, ஆடு சூடா இருக்கும்"ங்கறான். இத நாம சரி பண்ணக் கூடாது. அழகா வரிசையா நாம எடுத்து வச்சிட்டோம்னா அது நம்ம குடில் ஆயிடும். டைனோசர் வந்து நின்னாலும் நிக்கட்டும்.

இன்னொன்னு பண்ணிப் பாருங்க, குட்டிப் பசங்களுக்கு இத விடப் பெரிய சந்தோஷம் இருக்காதுன்னு நெனைக்கறேன். மூணு ராஜாக்கள் பொம்மைய முதல்லயே குடில்ல வைக்காதீங்க. வீட்டோட அந்தக் கடைசி மூலையில, ஜன்னல் ஓரம் எங்கயாவது வைங்க. அவங்க குழந்தை இயேசுவப் பாக்க தூர தேசத்துல இருந்து நட்சத்திரத்தப் பாத்து நடந்து வர்றவங்கதானே. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தணும். ஒரு நாள் புக் அலமாரி, ஒரு நாள் சோபா முதுகு, ஒரு நாள் ஷூ ஸ்டாண்ட், அங்க ஒரு ஷூவுக்குள்ள தூங்குவாங்க. பசங்க காலையில எந்திரிச்சதும் தேடிக்கிட்டு ஓடுவாங்க. ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்னிக்குத்தான் குடிலுக்கு வந்து சேரணும். இதுல என்ன நல்லதுன்னா டிசம்பர் 25 சாயங்காலமே எல்லாம் முடிஞ்சு போச்சுங்கற அந்த வெறுமை வர்றதில்ல. பரிசெல்லாம் பிரிச்சாச்சு, விருந்தாளி எல்லாம் கெளம்பியாச்சு, ஆனா ராஜா இன்னும் நடந்துட்டு இருக்காரு.

அடுப்படியிலயும் அவங்களுக்கு ஒரு வேல குடுங்க. கொட்டும், சிந்தும், மாவு தரையெல்லாம் பறக்கும், அத முன்னாடியே மனசுல ஏத்துக்கிட்டு கீழ ஒரு பழைய துணி விரிச்சிட்டு ஆரம்பிக்கணும். மூக்கு வழியா வர்ற ஞாபகம் ரொம்ப கெட்டியா நிக்கும், வாசனைய உணர்ற பகுதிக்கும் மூளையில உணர்ச்சி, ஞாபகம் ரெண்டையும் கவனிக்கற பகுதிக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. வருஷா வருஷம் அதே பண்டம், அதே ஏலக்காய் பட்டை வாசனை, அது போதும். புதுசு புதுசா ட்ரை பண்ணனும்னு இல்ல, சின்னப் பசங்களுக்குப் புதுசு வேண்டாம், போன தடவ பண்ணதே திரும்ப வேணும், அதே வரிசையில வேணும், நட்சத்திரத்த அதே ஆளுதான் மாட்டணும். இதப் பிடிவாதம்னு நெனைக்காம, அவங்களுக்கு இது நம்ம வீட்டு வழக்கம்னு பதிஞ்சிருக்குன்னு எடுத்துக்கோங்க.

பரிசு. இதப் பத்தி எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு: கம்மியா குடுங்க. அமெரிக்காவுல டொலீடோ யுனிவர்சிட்டியில ஒன்றரை வயசுல இருந்து ரெண்டரை வயசு வரைக்கும் இருக்கற குழந்தைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2018ல வெளியாச்சு. ஒரு தடவ ரூம்ல 4 பொம்மை, இன்னொரு தடவ 16 பொம்மை. நாலு பொம்மை இருந்தப்ப குழந்தைங்க ஒவ்வொன்னோடயும் ரொம்ப நேரம், விதவிதமா விளையாடுச்சுங்க. பதினாறு இருந்தப்ப ஒன்ன எடுக்கும், விடும், அடுத்தத எடுக்கும். கிறிஸ்துமஸ் காலைல நம்ம வீட்டு ஹால்ல நடக்கறது அப்படியே இதுதான். தாத்தா பாட்டி, மாமா, சித்தி, ஃபிரெண்ட்ஸ்னு எல்லாரும் குடுக்கறத வேண்டாம்னு சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனா எல்லாத்தையும் ஒரே நாள் பிரிக்கணும்னு யார் சொன்னா? அன்னிக்கு ரெண்டு, மிச்சம் ஜனவரி 6 வரைக்கும் ஒவ்வொன்னா. ஒன்னப் பிரிச்சா அதோட விளையாட விடுங்க, "அடுத்தது பிரி, அடுத்தது பிரி"ன்னு போன தூக்கிக்கிட்டு வீடியோ எடுக்காதீங்க. அது குடுத்தது யாருன்னு சொல்லி அவங்களுக்கு அப்பவே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வைங்க, அப்பதான் அந்தப் பொம்மைக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்காருன்னு அதுங்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை, இது கட்டாயம் சொல்லணும். பாட்டுப் பாடற வாழ்த்து அட்டை, மினுக்கற பொம்மை, சின்ன ரிமோட் இதுலயெல்லாம் பட்டன் பேட்டரி இருக்கும். அத முழுங்கி உணவுக்குழாய்ல மாட்டிக்கிச்சுன்னா 2 மணி நேரத்துக்குள்ளயே உள்ள வெந்து புண்ணாயிடும், உயிருக்கே ஆபத்து. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதா இருக்கான்னு பாருங்க, சும்மா நகத்தால தொறக்கற மாதிரி இருந்தா அந்தப் பொம்மை வேண்டாம். மேல சொன்ன பேட்டரி மெழுகுவர்த்திக்கும் இதேதான், சின்ன சைஸ்ல வர்ற பல மெழுகுவர்த்தி பட்டன் பேட்டரியிலதான் எரியும், எட்டாத எடத்துல வைங்க. முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க. காந்தக் குண்டு, தண்ணியில ஊறிப் பெருசாகற ஜெல்லி உருண்டை இதெல்லாமும் சின்னதுங்க இருக்கற வீட்டுக்குள்ளயே வரக் கூடாது.

வாங்கறதப் பத்தியே பேசறோம், அவங்க குடுக்கறதப் பத்தி யாரும் பேசறதில்ல. நாலு வயசுல இருந்தே ஒரு ஆளுக்கு ஒரு பரிசு அவங்களே யோசிச்சுக் குடுக்க வைக்கலாம். "தாத்தாவுக்கு என்ன புடிக்கும்?"னு கேட்டு விட்டுடுங்க. என் பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு "தாத்தா கண்ணாடிய எப்பப் பாத்தாலும் தேடுறாரு, அதுக்கு ஒரு வீடு செஞ்சு குடுக்கலாம்"னா. டிஷ்யூ பேப்பர் டப்பாவுல வெளிய பேப்பர் ஒட்டி, கதவு வரைஞ்சு, உள்ள பஞ்சு வச்சு, மேல தாத்தா பேர எழுத்து திரும்பித் திரும்பி எழுதிக் குடுத்தா. அவரு அதத் தெனமும் உபயோகிக்கறாரு, இவ போறப்பவெல்லாம் கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கான்னு செக் பண்றா.

இதோட ஒட்டி கிறிஸ்துமஸ் தாத்தா விஷயம். சின்னதுங்க வேஷம் போட்டவரப் பாத்து அழுதா மடியில உக்கார வச்சு போட்டோ எடுக்காதீங்க, தூரத்துல இருந்து கை காட்டினா போதும். அஞ்சாறு வயசுல "நெஜமாவே இருக்காரா"ன்னு கேள்வி வரும். நான் முதல்ல "நீ என்ன நெனைக்கற?"ன்னு கேப்பேன், பல நேரம் அவங்களுக்கு இன்னும் நம்பத்தான் ஆச. நெஜமாவே தெரிஞ்சுக்கத் தயாரா இருந்தா மைராவுல, இப்போ துருக்கியில இருக்கற எடம், நாலாம் நூற்றாண்டுல வாழ்ந்த நிக்கோலாஸ்ங்கற ஆயர் கதையச் சொல்லலாம், கிறிஸ்துமஸ் தாத்தா அவர்ல இருந்து வந்தவர்தான். கல்யாணம் பண்ணிக் குடுக்க வழியில்லாத மூணு பொண்ணுங்க வீட்டுக்குள்ள ராத்திரியில யாருக்கும் தெரியாம தங்கம் போட்டுட்டுப் போனாருன்னு காலகாலமா சொல்லிட்டு வர்ற கதை. அதச் சொல்லிட்டு, "இப்ப உனக்கு ரகசியம் தெரிஞ்சிடுச்சு, இனிமே நீயும் தெரியாம குடுக்கற ஆளு, யாருக்குக் குடுக்கலாம்?"னு கேட்டா குழந்தை ஏமாந்த மாதிரி ஆகாது, பதவி ஒசந்த மாதிரி நெஞ்ச நிமித்தும்.

லீவுன்னா டைம் டேபிளே வேண்டாம்னு விட்டுடறோம், அங்கதான் பாதி அழுகை ஆரம்பிக்குது. ஒன்னு ரெண்டு வயசுக்கு ஒரு நாளைக்கு 11ல இருந்து 14 மணி நேரம் தூக்கம் வேணும், மூணுல இருந்து அஞ்சு வயசுக்கு 10ல இருந்து 13, பகல் தூக்கமும் சேத்து. நள்ளிரவு ஆராதனைக்கு கூட்டிட்டுப் போறதா இருந்தா சாயங்காலமே ஒரு தூக்கம் போட வைங்க, மறுநாள் காலைல யாரும் கதவத் தட்டாத மாதிரி பாத்துக்கோங்க. ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். போற எடத்துல எல்லாம் ஆள் மாத்தி ஆள் தூக்கி, கன்னத்தக் கிள்ளி, பாட்டுப் பாடச் சொன்னா எந்தக் குழந்தையும் மதியத்துக்குள்ள கவுந்துடும், அப்ப அதத் திட்டறது நியாயமே இல்ல.

இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்களுக்காக இத எழுதணும்னு தோணுது. அன்னிக்கு டியூட்டி இருக்கற நர்சம்மா, டிரைவர், வெளிநாட்ல இருக்கற அப்பா, தனியா வளக்கற அம்மா, அந்த வருஷம் வீட்ல ஒருத்தர இழந்தவங்க. தேதிய நெனச்சு மனசு ஒடைய வேண்டாம், நாலு வயசுக் குழந்தைக்கு காலண்டர் படிக்கத் தெரியாது. நீங்க வீட்ல இருக்கற நாள்தான் அதுக்குப் பண்டிகை. ரஷ்யாவுலயும் எகிப்தோட காப்டிக் சபையிலயும் ஜனவரி 7லதான் கிறிஸ்துமஸ் கொண்டாடறாங்க, அவங்க பசங்க சந்தோஷம் ஒன்னும் கொறஞ்சிடல. பேப்பர் சங்கிலிய உங்களுக்கு லீவு கெடைக்கற நாள் வரைக்கும் நீளமா ஒட்டிக்கோங்க, அவ்வளவுதான். தாத்தாவோ பாட்டியோ இல்லாத முதல் வருஷம்னா அவங்க பேர எடுக்காம மூடி மறைக்காதீங்க. பசங்க கவனிப்பாங்க. அவங்க எப்பவும் மாட்டற அந்த ஒரு அலங்காரத்த குழந்தை கையில குடுத்து, "இது பாட்டி மாட்டறது, இந்த வருஷம் நீ மாட்டுறியா?"ன்னு சொல்லுங்க. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும்.

போட்டோ எடுங்க, ஆனா எடுத்துட்டே இருக்காதீங்க. லிண்டா ஹென்கல்னு ஒருத்தர் மியூசியத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணி 2014ல வெளியிட்டாங்க, சும்மா பாத்துட்டு வந்ததவிட கேமராவுல எடுத்த பொருள் ஆளுங்களுக்குக் கம்மியாத்தான் ஞாபகம் இருந்துச்சு. நம்ம பசங்க முகத்தையும் நாம அப்படித்தான் தவற விடறோம். என்னோட வழக்கம் காலைல கொஞ்சம் எடுத்துட்டு போன வேற ரூம்ல வச்சிடறது. அதுக்குப் பதிலா குரல ரெக்கார்ட் பண்ணுவேன், வருஷா வருஷம் அதே கேள்விங்க: பாப்பா ஏன் மாட்டுத் தொழுவத்துல பொறந்துச்சு, ராஜா என்ன கொண்டு வந்தாரு, உனக்குப் புடிச்ச பாட்டு எது, பாடு பாப்போம். மழலை போறதுக்குள்ள அந்தக் குரலப் புடிச்சு வச்சுக்கோங்க, போட்டோவுல அது கெடைக்காது.

அப்பறம் ஜனவரியில மரத்தையும் குடிலையும் எடுத்து வைக்கறப்ப பசங்க தூங்கினதுக்கப்பறம் அவசர அவசரமா மூட்டை கட்டாதீங்க, அவங்களோட செய்யுங்க. ஒவ்வொரு பொம்மையையும் பேப்பர்ல சுத்தி அவங்களே பெட்டிக்குள்ள வைக்கட்டும், ஆட்டுக்குட்டிக்கு டாட்டா சொல்லட்டும். அப்பவே ஒரு காகிதத்துல இந்த வருஷம் புடிச்சது, அடுத்த வருஷம் வேணும்ங்கறது எல்லாம் அவங்க சொல்லச் சொல்ல அவங்க வார்த்தையிலயே எழுதி, தேதி போட்டு, பெட்டி மேலாகவே வச்சிடுங்க. பிப்ரவரியில ஒரு தடவ, ஸ்கூல் பரீட்சை எல்லாம் முடிஞ்சு சும்மா இருக்கறப்ப ஒரு தடவ, பஸ்ஸுக்குக் காத்திருக்கற நேரத்துல ஒரு தடவன்னு அந்தப் பேச்ச எடுங்க: "அந்த ராஜா ஷூவுக்குள்ள தூங்கினாரே, அது யாரு ஷூ?"